கிரீடத்தின் கீழே வி

முதலில் ஆண்டைத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

உங்கள் அறிக்கையில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிய பகுதி பார்வைக்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஜெர்மனி நாட்டு வேட்டைத் துப்பாக்கி, ஊசியால் வெடிக்கும் வகை, வால்நட் மரக் கட்டை. பிறகு ஒரு வரி: செய்யப்பட்ட ஆண்டு 1893, குழல் அரசாங்கச் சோதனையில் தேறியது. அதற்கு ஆதாரம் யார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திரு. பாலேந்திரா, ஏல நிறுவனமொன்றின் பழைய ஆயுத மதிப்பீட்டாளர். அது நான்.

சிவானந்தனின் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி, நீதிமன்றத்துக்கு வந்து அதையே சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். நிபுணரைக் கேட்டுத்தான் நடந்தான் என்று காட்டினால் அவனுடைய தண்டனை குறையுமாம். மனைவியின் சாவுக்குக் காரணமானவன் என்ற வழக்கில் சில ஆண்டுகள் உள்ளே இருக்க நேரலாம் என்றும் எழுதியிருந்தார். அந்த ஆண்டுகள் என் கண்ணில் படவில்லை. என் பெயருக்கு நேரே இருந்த 1893தான் பட்டது. இந்தத் தொழிலில் நேற்று நுழைந்தவன் விடும் பிழை அது. இனி இந்த வழக்கை வாசிக்கும் ஒவ்வொருவரும் அதை நான் விட்டதாகவே நினைப்பார்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே பஸ் பிடித்துக் குரோய்டனுக்கு, உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

தமிழில் பேசுகிறேன் என்று கேட்டது ஆங்கிலம் போதாமல் அல்ல. உங்கள் அறிக்கையின் ஆங்கிலத்தையும் வேண்டுமானால் திருத்தித் தரலாம். ஆனால் தன் தொழிலைப் பற்றி ஒருவன் கடைசியாகச் சொல்லும் வார்த்தை தன் மொழியில் இருப்பது நல்லது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் பிரீத்தா கோயம்புத்தூர் என்றார். நல்ல பிள்ளை. நாங்கள் துவக்கு என்று சொல்வதைக் கேட்டு விழிக்கிறார். அவருக்காகத் துப்பாக்கி என்றே சொல்கிறேன். விளங்காத இடத்தில் சும்மா தலையாட்டாமல் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமா சார்" என்று சொல்லும் வேகம் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

இன்னொன்று. சிவானந்தனை அவன் என்கிறேன். இறந்துபோன அவனுடைய மனைவி ரதியை அவர் என்கிறேன். கவனித்துக்கொள்ளுங்கள். அவர்மீது எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது.

ஊசித் துப்பாக்கி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டீர்கள். காகிதத் தோட்டா. உள்ளே மருந்து, அதற்கு முன்னால் குண்டு. தீப்பற்றும் பொட்டு குண்டின் அடியில், மருந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். விசையை இழுத்தால் நீண்ட ஊசியொன்று காகிதத்தைத் துளைத்து, மருந்து முழுவதையும் கடந்து போய் அந்தப் பொட்டில் குத்தும். வெடிக்கும்போது ஊசி நெருப்புக்கு நடுவில் நிற்கும். அதனால்தான் அந்த ஊசிகள் கருகிக் கருகி ஒடிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகம் இந்த வகையைக் கைவிட்டுவிட்டது. இப்போது யாரும் இதற்குத் தோட்டா செய்வதில்லை என்பதால் அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டிவைக்க இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. சுடுவதென்றால் கதை வேறு. மாட்டிவைக்கலாம் என்பதைச் சுடலாம் என்று விளங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நோர்பரியில் ஒருவன் இருந்தான், சிவானந்தன்.

வயதைக் கணிப்பது பெரிய வித்தை இல்லை. கண் வேண்டும், அவசரம் கூடாது. சிவானந்தனுடைய துப்பாக்கியின் குழலில் செய்தவரின் பெயர் வெள்ளியில் பதித்திருந்தது. டிரைசே. அந்த மனிதருக்கு 1864இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. அதன் பிறகு அந்தக் குடும்பப் பெயருக்கு முன்னால் "வொன்" என்று வரும். இதில் வொன் இல்லை. பட்டம் கிடைத்த ஒருவன் அதைப் போட்டுக்கொள்ளாமல் விட்டதை நான் எங்கும் கண்டதில்லை; சிவானந்தன் வீட்டு அழைப்பு மணிக்குக் கீழேகூட "டொக்டர்" என்று இருக்கிறது, அவன் பல் பிடுங்குகிறவன். விசைக்குக் காவலாக எருமைக் கொம்பில் வளைத்த வளையம். பூட்டின் பக்கத்தில் ஓக் இலைகளும் ஒரு கலைமானும், கையால் செதுக்கியவை. ஆயிரத்தெண்ணூற்று ஐம்பதுகளின் கடைசி. மிஞ்சினால் அறுபதுகளின் தொடக்கம்.

ஆனால் குழலின் அடியில் ஒரு முத்திரை இருக்கிறது. கிரீடம், அதன் கீழே வி. நீங்களும் சிவானந்தனும் விழுந்தது இந்தக் குழியில்தான்.

1891இல் ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு குழலிலும் கூடுதலாக மருந்து போட்டுச் சுட்டுப்பார்க்க வேண்டும், தாங்கினால்தான் முத்திரை. நடைமுறைக்கு வந்தது 1893இல். அதற்கு முன்பே செய்யப்பட்டுக் கடைகளில் கிடந்தவற்றை என்ன செய்வது? அவற்றை யாரும் சுட்டுப்பார்க்கவில்லை. கையிருப்பு என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தை ஒரு கிரீடத்தின் கீழே குத்தி விட்டுவிட்டார்கள். ஆகவே வி என்ற எழுத்து சொல்வது இவ்வளவுதான்: இது பழையது, இதைச் சோதிக்கவில்லை. அரைகுறையாகப் படித்தவன் அதை நேர்மாறாக வாசிப்பான். கிரீடம் இருக்கிறது, அரசாங்க முத்திரை, சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு 1893, ஆகவே 1893இல் செய்து சோதித்தது. ஒரு முத்திரையைக் கண்டதும் நம்பிவிடும் மனம் எங்கள் ஆட்களுக்கு அதிகம். பாஸ்போட் வரிசைகளில் நின்று வளர்ந்த மனம்.

சிவானந்தன் அதை டோர்ட்முண்டில் மச்சான் வீட்டுக்குப் போன இடத்தில் வாங்கிவந்தான். வரவேற்பறையில், மின்சாரக் கணப்புக்கு மேலே மாட்டினான். பக்கத்தில் பட்டமளிப்புப் படம், மறுபக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மயிலிறகு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆட்டுக்கறியோடு துப்பாக்கியும் பரிமாறப்பட்டது. நானும் போனேன். தனி ஆள்; ரதியின் சமையல் நன்றாக இருக்கும். அந்தச் சாப்பாட்டுக்காக நான் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுகளை நினைத்தால் யார் யாருக்குக் கடன் என்று தெரியவில்லை.

அது மூடநம்பிக்கை பிடித்த வீடு என்பதையும் சொல்லவேண்டும். பல் வைத்தியன், ஆனால் எதையும் ரதி தொடங்கிவைக்காமல் செய்யமாட்டான். ரதிக்குக் கைராசியாம். வைத்தியசாலைக் கதவைத் திறந்தது ரதி. புதுக் காரின் சாவியை முதலில் திருப்பியது ரதி. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வாங்கும் கேக்கைக்கூட ரதி வெட்டிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற தில்லையம்பலம், வீடு வாங்குவதற்கு முன் முற்பணக் காசோலையை ரதியின் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். படித்த மனிதர்கள்.

போன ஆண்டு கோடை. அதே வரவேற்பறை. சிவானந்தன் துப்பாக்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தொண்ணூற்று மூண்டு. கெவர்ன்மெண்ட் டெஸ்ட் பண்ணின குழல். இண்டைக்கும் வெடிக்கும்" என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கிட்டேன். கோபமில்லாமல், உங்களுக்கு இப்போது சொன்னதுபோலவே சொன்னேன். பட்டம், கொம்பு, கலைமான், கிரீடத்தின் கீழே வி. சோதிக்காத குழல், மருந்து போட்டால் சுடுகிறவனின் முகத்துக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னேன். அறை அமைதியாகக் கேட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சிவானந்தன் சொன்னான்: "அண்ணை துவக்கின்ரை வயசை மட்டும் விடுறார் இல்லை. தன்ரை வயசுக்கு மட்டும் மாதத்துக்கு ஒருக்கா மை பூசுறார்."

எல்லாரும் சிரித்தார்கள். தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் தலைமயிருக்கு நிறம் பூசுவது உண்மைதான். ஆனால் அதற்கும் முத்திரைக்கும் என்ன தொடர்பு? இந்தக் கூட்டத்தோடு விவாதிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆதாரம் வைத்தால் பகிடியால் அடிப்பார்கள், அடித்துவிட்டு வென்றதாகக் கறியை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வாசலில் நின்ற ரதி உள்ளே வந்து கொடுத்தார். குடித்தேன்.

நவராத்திரி தொடங்கியபோது சிவானந்தன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆயுத பூசைக்குத் துப்பாக்கியையும் சரஸ்வதிக்கு முன்னால் வைக்கப்போகிறானாம். பல் பிடுங்கும் குறடுகள், மடிக்கணினி, துப்பாக்கி. பூசையில் வைத்ததை விசயதசமிக்குப் பிறகு எடுத்துத் தொழில் தொடங்கவேண்டும் அல்லவா? கென்டில் அவனிடம் பல் கட்டிக்கொண்ட ஒரு பண்ணைக்காரர் இருந்தார். மருந்தும் இடமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காகிதத் தோட்டா சுற்றுவதை இவன் வீடியோ பார்த்துப் பழகிவிட்டான். "கோயிலிலை மானம்பூவுக்கு வாழை வெட்டினம். நாங்கள் ஒரு வெடி வைப்பம்" என்றான். மானம்பூ என்றால் எங்கள் கோயில்களில் விசயதசமியன்று வாழை வெட்டும் திருவிழா, பிரீத்தாவுக்குத் தெரிந்திருக்காது. தன் பகிடிக்குத் தானே சிரித்து முடித்தபிறகு விஷயத்துக்கு வந்தான்.

"ரதிதான் விடுறாள் இல்லை அண்ணை. அண்டைக்கு நீங்கள் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் சொன்னா எடுபடாது. நீங்கள் ஒருக்கா வந்து வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ."

போனேன். துப்பாக்கி கொலுவுக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுத் துணியில் கிடந்தது. கிரீடத்தின் மேலே சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட உலோகத்தின்மேல் ஈரச் சந்தனம். கைக்குட்டையால் துடைத்தேன். பூட்டைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே, தோட்டா இருக்கும் இடத்தை ஒட்டி, மயிரிழைபோல ஒரு வெடிப்பு. பூட்டு வந்து அண்டும் விளிம்பும் தேய்ந்திருந்தது. சிவானந்தன் தோளுக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு அது தெரியவில்லை. அவன் பார்த்தது கலைமானைத்தான்.

குசினிக்குப் போனேன். ரதி கடலை தாளித்துக்கொண்டிருந்தார். அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் சோதிக்காத குழல் எண்டனீங்கள். நான் அதைக் கூகிளிலையும் தேடினனான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"அண்டைக்கு நான்தான் பிழை விட்டிட்டன், பிள்ளை. இவன் சொல்லுறதுதான் சரி. தொண்ணூற்று மூண்டு. சோதிச்சது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சரி அண்ணை, நீங்கள் சொன்னாச் சரி என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கிண்ணத்தில் கடலை போட்டுத் தந்தார்.

நான் பிழை விட்டதாக என் வாழ்நாளில் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அது பொய். உங்கள் அறிக்கையில் 1893 ஏறிய வழி இதுதான். எழுதிக்கொண்டீர்களா? நன்றி. இனி எவனும் பாலேந்திராவுக்கு வி தெரியாது என்று சொல்லமாட்டான். இதைச் சொன்னால் எனக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அறிவில்லாதவன் என்ற பெயரோடு வெளியே திரிவதைவிட உள்ளே இருப்பது மேல்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசயதசமிக்கு அடுத்த ஞாயிறு, இரண்டு காரில் கென்டுக்குப் போனோம். ஆப்பிள் பிடுங்கி முடிந்த தோட்டம், அதற்கப்பால் ஒரு வெறும் வயல். சிவானந்தன் இதற்கென்று வாங்கிய பச்சை மேற்சட்டையும் தொப்பியுமாக வந்தான். தில்லையம்பலம் வீடியோ எடுத்தார். அந்த வீடியோ உங்களிடம் இருக்கிறது. அதில் நான் இல்லை. காருக்கு மறுபக்கம் நின்றேன். அங்கே காற்றுக் குறைவு என்று சொன்னேன்.

சிவானந்தன் தோட்டாவை வைத்தான், பூட்டை அடைத்தான். பிறகு துப்பாக்கியை ரதியிடம் நீட்டினான். ரதி வாங்கவில்லை, என்னைத் தேடினார். காருக்கு மேலால் என் தலை தெரிந்திருக்கும்.

"பிடிக்கலாமோ அண்ணை?"

"ஓம். பிடியுங்கோ."

ரதி விசையை இழுத்தார். பூட்டு பின்னால், முகத்துக்கு வந்தது. அதைப் பற்றி உங்கள் வைத்தியர் எழுதியிருப்பதில் திருத்த ஒன்றுமில்லை.

ரதியின் சாவு ஒரு துரதிர்ஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பாடம் படிப்பிக்க நினைத்தது சிவானந்தனுக்கு. சுடுகிறவனின் முகத்துக்கு ஆபத்து என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவன் நான். யாருடைய துப்பாக்கியோ அவன்தானே முதலில் சுடுவான்? அப்படித்தான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று நான் கத்தியிருக்கலாம் என்பீர்கள். கத்தியிருந்தால் குசினியில் சொன்னது பொய் என்றாகும். சொன்ன கருத்தை வயல் வெளியில் வைத்து மாற்றுவது என் வழக்கமில்லை.

பிரீத்தா ஏன் மொழிபெயர்க்காமல் நிற்கிறார்? சொல் விளங்கவில்லையா? துரதிர்ஷ்டம், பிள்ளை. அது உங்கள் ஊரிலும் உண்டு.

"அது புரியுது சார். நீங்க முன்னாடி சொன்னதுதான். அந்த வீட்டுல எதையும் அவங்க கைராசிக் கையாலதான் ஆரம்பிப்பாங்கன்னு சொன்னீங்க. காரு, கதவு, கேக்கு. இவருக்கு நான் அதை 'லக்கி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன், அவரும் எழுதிக்கிட்டாரு. அவருக்கு அது ஒண்ணுமில்ல. ஆனா பூசையில வச்ச துப்பாக்கியை முதல்ல யார் கையில கொடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

நீங்கள் அவரைப் பார்க்கவேண்டாம். கேட்டது என்னிடம். கேள்விக்குப் பதில் வரட்டும், பிறகு அவர் உங்களுக்குச் சொல்வார். விளங்காத இடத்தில் கேட்கச் சொன்னது நான்தானே. இவரைக் குறைத்து மதிப்பிட்டேன் என்று மட்டும் எழுதவேண்டாம். கோயம்புத்தூரிலும் கைராசி பார்ப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தெரியும்.

தொலைபேசியை வைத்தபோதே தெரியும். பூசையில் வைத்தது, முதல் வெடி. அந்த வீட்டில் அது வேறு யாருடைய கைக்கும் போகாது. சிவானந்தனின் கைக்குப் போகும் என்று ஒரு கணமும் நான் நினைக்கவில்லை. அதை நீங்களாகக் கண்டுபிடித்திருக்கமாட்டீர்கள். நானும் சொல்ல வந்தது அதையல்ல. ஆண்டைத் திருத்தத்தான் வந்தேன்.

ஏன் என்று பிரீத்தா கேட்கிறார். காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவளோடு எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவள். மற்றவர்கள் சிரித்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. சிரிக்க மட்டும் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மைப் பகிடிக்கு அவளும் கொஞ்சம் சிரித்தாள். எனக்குத் தெரியக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுக்கவேயில்லை. தட்டத்தை இடது கைக்கு மாற்றிவிட்டு, வாயை வலது கையால் பொத்தினாள். இரண்டு மெல்லிய காப்பு. நடுவிரலில் மஞ்சள் கறை. அந்தக் கைதான்.